சுவரொட்டியில் மூவர்

தம்பெரே நகரில், ட்ராம் திரும்பும் முனையில்
ஆளுயரச் சுவரொட்டி:
ஆவுனே, இம்பி, ஹெல்வி.
என் அக்காமார் இருவர், என் தங்கை.
கீழே பொடி எழுத்தில்
உண்மை வாழ்வைத் தழுவிய இசை நாடகம்.
தழுவிய கைக்கு
என் தோள் எட்டவில்லை போலும்.

எண்பத்தாறு வயதில்
டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போனேன்.
முதியோருக்குப் பாதி விலை.
பிறக்காதவர்களுக்கு என்ன விலை என்று
கேட்க நினைத்தேன், வரிசை நீளம்.

முதல் காட்சி பருத்தி ஆலை.
தறியின் சத்தத்தில் தாளம் பிடித்து
மூன்று பெண்கள் பாடுகிறார்கள்.
தறிக்கூடத்தில் பாட்டாவது!
தீப்பிடித்தது என்று கத்தினாலே
பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்காது.
உதட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டோம் நாங்கள்.
இம்பிக்கு இருபத்தைந்தில் இடது காது போயிற்று.
அந்தக் காதின்மேல்
நடிகை ஒரு சிவப்புப் பூ வைத்திருக்கிறாள்.

அப்பா சாகிறார்.
வானொலியில் மகள்கள் பாட,
போர்வைமேல் தாளம் போட்ட விரல்
மெல்ல நிற்கிறது.
அரங்கமே மூக்கைச் சிந்துகிறது.
அந்த வாரம் வானொலி பழுதுக் கடையில் இருந்தது.
ரசீது இதோ, என் கைப்பையில்.
அவர் கடைசியாகக் கேட்டது
மாடி வீட்டில் யாரோ நாற்காலி இழுத்த சத்தம்.
ஆனாலும் அழுதேன்,
அந்தப் பொய்ச் சாவுக்கு.
நிஜச் சாவன்று நேரமில்லை,
மறுநாள் நடன மண்டபத்தில் நிகழ்ச்சி,
வண்டிக்கு டயர் மாற்ற வேண்டியிருந்தது.

வண்டியை ஓட்டியவள் நான்.
மேடையிலும் வண்டி வருகிறது,
பின்னால் மூவரும் தலைசீவிக்கொண்டு.
ஓட்டுநர் இருக்கையில் மட்டும் விளக்கில்லை.
முழுப் பூசணிக்காய் நான்.
சோறு, பரவாயில்லை, நல்ல பதம்.

இடைவேளையில் காபி குடித்தேன்.
வீட்டுக்குப் போயிருக்கலாம்.

பிற்பாதியில் ஒரு மேலாளர் வருகிறான்.
ராய்னே என்று பெயர்,
மெல்லிய மீசை, மின்னும் காலணி.
ஒரு கோடையின் சம்பாத்தியம் முழுவதையும்
வாரிக்கொண்டு கப்பலேறுகிறான்.
பின்வரிசையில் யாரோ சீறுகிறார்கள்.

ராய்னே என்று எவனும் இருந்ததில்லை.
பணம் இருந்தது.
அதை வைத்த பிஸ்கட் தகரம் இருந்தது,
மூடியில் வாத்துப் படம்.
கப்பல் இருந்தது.
துர்க்குத் துறைமுகம், இரவு எட்டு மணி,
ஸ்வீடனுக்கு ஒருவழிச் சீட்டு.
தகரம் என் மேலங்கிக்குள்
விலாவில் குத்திக்கொண்டே வந்தது.

மேடையில் ராய்னே
ஏணிப்படியில் நின்று ஒருமுறை
திரும்பிப் பார்க்கிறான்.
நான் பார்க்கவில்லை.
அந்த ஒன்றில்
அவன் என்னைவிட நல்லவன்.

எழுதியவர்கள் ஆறு நாள்
ஹெல்வியின் சமையலறையில் உட்கார்ந்து கேட்டார்களாம்.
அவள் சொன்னதுதான் எல்லாம்.
மற்ற இருவரும் மண்ணுக்குள்.
என்னை வெட்டி எறிந்தாளா,
மீசை ஒட்டி ஒளித்து வைத்தாளா,
அறுபது வருடமாகக் கடிதம் எழுதாத எனக்கு
எப்படித் தெரியும்?

கோட்டு வாங்கும் வரிசையில் கண்டேன்.
எனக்கு முன்னால் நான்கு பேர் தள்ளி,
ஊன்றுகோலோடு.
நிகழ்ச்சிநிரலில் கையெழுத்து வாங்கிய பெண் கேட்டாள்:
எல்லாம் நிஜமாகவே இப்படித்தான் நடந்ததா?

ஹெல்வி பேனாவை மூடினாள்.
அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.
பார்த்துக்கொண்டே அந்தப் பெண்ணிடம் சொன்னாள்:
ஒன்றுதான் தப்பு.
வண்டிக்கு நீலம் அடித்துவிட்டார்கள்.
எங்கள் வண்டி பச்சை.

பச்சைதான்.
இரண்டு பூச்சு,
கதவோரம் கொஞ்சம் வழிந்திருக்கும்.