அணைத்துவிட்டு இயக்கவும்

பாபுராவ் தெரு லாட்ஜில்
காலை ஆறரைக்குத் திரை சிவந்துவிட்டது.
எழுபத்திரண்டு மணி நேரம் என்று
ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓட,
இத்ரீஸ் பாய் போன் செய்தார்:
"ஜெசிந்தாம்மா, கம்ப்யூட்டர் காசு கேக்குது."

மால்டாவிலிருந்து சிறுநீரகத்துக்கு வந்தவர்கள்,
அகர்தலாவிலிருந்து குழந்தையின் இதயத்துக்கு வந்தவர்கள்,
அறை எண், முன்பணம், ஆதார் நகல்,
ஆஸ்பத்திரிச் சீட்டு எண்.
மூன்று வருஷம் மொத்தத்துக்கும்
ஒரே ராத்திரியில் வால் முளைத்திருந்தது.
எந்தக் கோப்பும் திறக்கவில்லை.
நகல் எடுத்த டிஸ்க்கும் கூடவே செருகியிருந்ததால்
அதற்கும் வால்.
பங்களாதேஷ்காரர்களின் விவரம் மட்டும் பிழைத்தது.
அது போலீசிடம் இருந்தது.

தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊருக்கு ஒரு பட்டியல் சொல்வார்கள்.
சேர்த்துக்கொள்ளலாம்:
லைசென்ஸ் இல்லாத விண்டோஸ்.

போட்டது நான்தான்.
முந்நூறு ரூபாய், ஒரு டீ.
பென்டிரைவில் இருந்த அந்தச் சின்ன நிரல்
முதல் வரியிலேயே கேட்டது:
ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இயக்கவும்.
அணைத்தேன். இயக்கினேன்.
திருடனுக்கு ஏணி பிடித்துவிட்டு
கூலியும் வாங்கியிருக்கிறேன்.
என் லேப்டாப்பில் மட்டும் பத்து வருஷமாய் லினக்ஸ்.

காட்பாடி லேபில் வேலை பார்க்கும் எபினேசர்
வண்டியை நிறுத்துமுன்பே ஆரம்பித்தான்.
பூட்டு எப்படிச் செய்ததென்று ஊருக்கே தெரியணும் பாய்,
தெரிஞ்சும் திறக்க முடியலைன்னாதான் அது பூட்டு.
மூடின பெட்டிக்குள்ள என்னன்னு
வித்தவனுக்குத்தான் தெரியும்.
பாய் கேட்டார்:
"சும்மா குடுக்கறத எவன்யா காவ காப்பான்?"
"ஆயிரம் பேர் பார்க்கறாங்க பாய்."
"ஒருத்தன் பேர் சொல்லு."
எபினேசர் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால்
யாரோ பார்த்திருப்பார்கள் என்று
எல்லோரும் நம்புகிறோம்.
அந்தப் பத்து வருஷத்தில்
ஒரு வரி படித்ததில்லை நான்.

சாயங்காலம் கோட்டை அகழி ஓரம் நின்றேன்.
முதலை விட்டிருந்தார்களாம் ஒரு காலத்தில்.
ஆயிரத்து எண்ணூற்று ஆறு, ஜூலை, விடியுமுன்
துப்பாக்கி வெடித்தது
மதிலுக்கு உள்ளே.
முதலைகள் வெளியே பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

ராத்திரி இரண்டு உரிமப் பத்திரங்களையும்
முதன்முறையாகக் கடைசிவரை படித்தேன்.
காசு வாங்கியவன் எழுதியிருந்தான்:
நஷ்டத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல,
மிஞ்சிப்போனால் நீ தந்த விலை.
வாங்காதவனும் எழுதியிருந்தான்:
எந்த உத்தரவாதமும் இல்லை.
ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு சொல்கிறான்.
இன்னொருவன் கதவைத் திறந்துவைத்துவிட்டு
வீட்டில் இல்லை.

உள்ளே போய்ப் பார்த்தேன்.
பிரிண்டருக்கான பகுதி, நானூற்றுச் சொச்சம் வரி.
நடுவில் யாரோ ஒரு புண்ணியவான்
குறிப்பு வைத்திருந்தான்:
'இது ஏன் வேலை செய்கிறதென்று தெரியவில்லை.
தயவுசெய்து தொடாதீர்கள்.'
சிரித்தேன். பிறகு பயந்தேன்.
பிறகு, இதைச் சொல்லவாவது ஒருவன்
இருக்கிறானே என்று தோன்றியது.

மூன்றாம் நாள் கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தது.
யாரும் காசு கட்டவில்லை.
மால்டாக்காரர்களிடம் மறுபடி பெயர் கேட்டு
மறுபடி நகல் வாங்கி
மறுபடி மன்னிப்பும் கேட்டார் பாய்.
"சரிம்மா, அந்தச் சும்மாவையே போடு.
கெட்டுப்போனா யாரக் கூப்பிடறது?"

போட்டேன். முந்நூறு வாங்கவில்லை.
தினம் நகல் எடுங்க பாய்,
எடுத்ததும் ஒயரப் பிடுங்கிடுங்க என்றேன்.
மேஜைக்கடியில் தவழ்ந்துபோய்
சிபியூ நெற்றியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன்.
அதில் என் பெயர், என் போன் நம்பர்.

மறுநாள் காலை ஆறரைக்கு மணியடித்தது.
பிரிண்டர்.