இடது பின்கதவு

போனில் நாற்பத்தொரு இலட்சம்.
"வாகனத்தைக் கொண்டுவந்து காட்டினாச் சரி மிஸ்,
மிச்சத்தைப் போட்டுப் புதுசோட போகலாம்"
என்ற குரலுக்கு
வெள்ளிக்கிழமை வரை
ஒரு முகம் நினைத்து வைத்திருந்தேன்.

முகம் வேறு. தொகையும் வேறு.
முப்பத்தாறரை.

திருமலை வீதியில் அந்தக் கண்ணாடிக் கடைக்குள்
மாரியைவிடக் குளிர்.
கோப்பி தந்தார்கள். குடித்து முடிக்குமுன்
சட்டையில் சதுர்ஜன் என்று பெயர் குத்திய பொடியன்
கையளவு மீற்றர் ஒன்றை
என் காரின் உடம்பெல்லாம் வைத்து வைத்து எடுத்தான்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.
பொனற் நூற்றிப்பத்து. கூரை நூற்றிப்பத்து.
இடது பின்கதவு முந்நூற்றி நாற்பது.

"அடிபட்டுப் பெயின்ற் அடிச்சிருக்கு மிஸ்."
அதற்கு ஒன்றே முக்கால்.
ரயர் தேய்ந்ததற்கு அறுபதாயிரம்.
மறுகா, கப்பல் கப்பலாய்ப் புதுசு வந்திறங்குதாம்,
பழசுக்கு இப்போ கிராக்கி இல்லையாம்,
அதற்கு இரண்டு.
மிச்சப் பதினைந்தாயிரம் எதற்கு?
"சிஸ்டம் எடுக்குது மிஸ்."

இவருக்குக் கோல் எடுத்தேன்.
"சண்டை பிடிக்காம விட்டுப்போட்டு வா" என்றார்.
விட்டுப்போட்டு வர ஏலாது.
பதினாறு வருசம் மருந்துக் கடையில் நிற்கிறேன்,
ஐந்தைந்தாய் மாத்திரை எண்ணுகிற கை.
திகதி போனதைத் திகதி போனதென்று
எழுதித்தான் ஒதுக்கிவைப்போம்.

அந்தக் கதவை நான் எங்கும் இடிக்கவில்லை.
அஞ்சு வருசத்துக்கு முன்
இதே கடையில்தான் இந்தக் காரை வாங்கினேன்.
'முழுவதும் கொம்பனிப் பெயின்ற்' என்ற வரிக்கு நேரே
நீல மையில் ஒரு சரி,
பக்கத்தில் வளைந்தோடும் கையெழுத்து.
கடுதாசியை எடுத்து மேசையில் வைத்தேன்.

"அப்ப பூசினது ஆரு மகன்?"

அந்தக் குரல் எனக்கே புதுசு.
குழந்தையோடு வந்திருந்த ஒரு குடும்பம்
கிறுகிப் பார்த்தது.
பொடியன் மீற்றரைப் பார்த்தான்.
மீற்றர் ஒன்றும் சொல்லவில்லை.

மனேஜர் வந்தார்.
கடுதாசியை இரண்டுதரம் வாசித்தார்,
மூன்றாம் தரம் அதன் வெறும் பின்பக்கத்தையும்.
கையெழுத்துக்காரர் இப்போ கட்டாரிலாம்.
"கோவிக்காதீங்க மிஸ். நாப்பது போடுறன்."

நியாயம் கிடைத்த ஆள்போல
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மறுகா ஒரு படிவம். பன்னிரண்டாவது கேள்வி:
வாகனம் எப்போதாவது வெள்ளத்தில் நின்றதா?
ஆம். இல்லை. இரண்டு சின்னப் பெட்டிகள்.

இருதயபுரத்தில், முந்தின மார்கழி,
இரவு இரண்டு மணிக்கு
சீற்றின் கால்கள் மறையுமட்டும் தண்ணீர்.
விடியப் பார்த்தால் பிரேக்குக்குப் பக்கத்தில்
பனையான் குஞ்சொன்று, உயிரோடு.
கார்பெற்றைக் கழற்றி மதிலில் போட்டோம், ஒன்பது நாள்.
அதில் ஏழு நாள் மழை.
மெக்கானிக் ஒக்கர்ஸ் வயர் வயராய்த் துடைத்துவிட்டு
சேற்று மணத்துக்கு
கோப்பித்தூள் கட்டி வைக்கச் சொன்னார்.

மீற்றர் அந்தப் பக்கம் போகவில்லை.
தகரத்தின் மேலே உள்ளதைத்தான் அது அளக்கும்.

சதுர்ஜன் பேனையை நீட்டினான். நீலம்.

இல்லை.

கை நடுங்கும் என்று நினைத்தேன். நடுங்கவில்லை.
கட்டாருக்குப் போனவருக்கும்
அன்றைக்கு நடுங்கியிராது.

புதுசு திங்கட்கிழமைதான் தருவார்களாம்.
ஓட்டோவில் வீட்டுக்கு வந்து
செருப்பைக் கழற்றும்போதுதான் நினைவு வந்தது:
கோப்பித்தூள் பொட்டலம்
முன்சீற்றுக்கு அடியிலேயே கிடக்கிறது.

அடுத்து வாங்குகிறவர்
ஏறாவூராரோ களுவாஞ்சிக்குடியாரோ,
ஒருநாள் அதைக் கண்டெடுத்து
மூக்கருகே கொண்டுபோவார்.
நல்ல வாசம் என்பார்.