உதட்டளவு

காலை ஏழே முக்காலுக்கு முதல் துண்டு வந்தது.
சட்டைப் பொத்தான் அளவு.
மேலுதட்டின் இடப்பக்கம், மீசை முளைக்கிற இடம்.
சீட்டில் அஹ்தி ரைஸானென், வயது ஐம்பத்தெட்டு.
தொழில் என்ற கட்டத்தில்
'ஐஸ் ஹாக்கி, கோட்டு நடுவர்'
என்று நுணுக்கி எழுதியிருந்தது.

நான் முகங்களைப் பார்ப்பதில்லை.
எனக்கு வந்து சேர்வது முகத்தின் ஓரங்கள்.
மூக்குப் பக்கம் நீல மை, வாய்ப் பக்கம் சிவப்பு,
கன்னத்துக்குப் பச்சை.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்தில் இறுக வைத்து
வெங்காயச் சருகினும் மெல்லிசாகச் சீவி
கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றிக் கொடுத்தால்
டாக்டர் ஸொய்லி குனிந்து பார்ப்பார்.
மை தொட்ட ஓரத்தில் ஏதும் இருக்கக் கூடாது.
அவ்வளவுதான் ஆட்டம்.

இருந்தது.

தலைப்பிரட்டைகள்.
நான் கற்பனையாய்ச் சொல்லவில்லை,
பாடப்புத்தகமே அந்தப் பெயரைத்தான் சொல்கிறது:
உருண்டைத் தலை, இழுபட்ட வால்.
மே மாதம் பனி விட்ட ஏரியோரம் நெளியுமே, அதேதான்.
வியர்வையை வெளியேற்ற வேண்டிய குழாய்
வாசலை மறந்துவிட்டு
உள்ளே, உள்ளே
குழாய் பதித்துக்கொண்டே போயிருக்கிறது.

பதினாறு வருஷத்தில்
நான் சீவியதில் இது இரண்டாவது.
அபூர்வம் என்பதை யாரும்
சட்டென்று அடையாளம் காண்பதில்லை.
முதலில் தழும்பு என்றார்களாம்.
பிறகு விசில் உரசிய காய்ப்பு என்று ஒரு களிம்பு.
உதட்டளவில்தான், கவலை வேண்டாம் என்று
நாலு வருஷம்.

நெஞ்சுக்குப் போகாத பேச்சைத்தான்
உதட்டளவு என்போம்.
இது உதட்டில் ஒன்றும் காட்டாமல்
நரம்பின் கைப்பிடியைப் பற்றி
இருட்டில் படியிறங்குகிற ஆள்.

இரண்டாவது துண்டிலும் நீலத்தைத் தொட்டிருந்தது.

காப்பிக்குப் போகும் வழியில் பார்த்துவிட்டேன்.
கட்டுக்குள் பாதி வாய்; கையில் புரட்டாத செய்தித்தாள்.
மரத்த உதடு குவியவில்லை.
இதழகல் பாட்டு மாதிரி வந்தது பேச்சு.
விசில் என்று சொல்ல வராமல்
ஊதுவதுபோல் விரலால் காட்டிவிட்டு,
'எங்கே எங்கே என்று ஐஸில் தேடினேன்.
ஜனங்கள் சிரித்தார்கள்.
இங்கேதான் இருந்தது' என்று
உதடு இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.
ஆறாயிரம் பேர் பார்க்க,
வாயில் வைத்திருந்த விசிலைக்
குனிந்து குனிந்து தேடியிருக்கிறார் மனிதர்.

'கோடு தாண்டியதா?' என்றார்.

தெரியும் எனக்கு. சொல்ல அனுமதியில்லை.
மை பூசுவது மட்டும்தான் என் வேலை என்றேன்.
அவர் பாதி வாயால் சிரித்தார்.
அந்தச் சிரிப்பில் இடப்பக்கம் கலந்துகொள்ளவில்லை.

மூன்றாவது துண்டு.
ஒரு நரம்பைச் சுற்றி நாலே செல்கள்,
ராட்டினத்தில் ஏறிய பிள்ளைகள் போல.
ஐஸில் ரப்பர் வட்டு முழுசாய்க் கோட்டைக் கடந்தால்தான் குற்றம்.
இங்கே ஒரு செல் உரசினால் போதும்.
மறுபடி கத்தி.

நாலாவது வரும்போது மணி மூன்று.
கூப்பியோவின் ஜனவரி, ஜன்னல் கறுக்கத் தொடங்கிவிட்டது.
டாக்டர் ஸொய்லி பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.
சிவப்பில் ஒன்றுமில்லை. பச்சையில் இல்லை.
நீலத்தருகே ஒன்று.
என் மூச்சு நின்றது.
அது நல்ல சுரப்பி.
நூல்கண்டாய்ச் சுருண்டு
தன் பாட்டுக்கு உப்புநீர் சேர்த்து
நேர்வழியில் மேலே அனுப்புகிற
சாதாரணச் சுரப்பி.
இத்தனை அழகாய் ஒன்றை
இதற்கு முன் பார்த்திருப்பேன், கவனித்ததில்லை.

'சுத்தம்' என்றார் அவர்.
பிறகு, எனக்கென்று இல்லாமல்,
'வருஷக்கணக்காய்ப் பார்க்க வேண்டும். இது மெதுவாய்த் திரும்புகிற ஜாதி.'
வியாழக்கிழமை கன்னத்துத் தோலை இழுத்து
ஒரு உதடு கட்டுவார்கள்.
அது விசிலை உணருமா என்று
யாரும் எழுதித் தரவில்லை.

கத்தியைக் கழற்றித் துடைத்தேன்.
நாள் முழுக்க உறைபெட்டிக்குள் கைவிட்டிருந்தும்
என் மேலுதடு வியர்த்திருந்தது.
நாக்கால் தொட்டேன்.

உப்பு.
இடப்பக்கமும்.