மயில்கழுத்து

டோக்கன் பத்தொன்பது.
அயனாவரம் சிக்னல் தாண்டி மாடியில் கிளினிக்,
கீழே வாட்ச் ரிப்பேர் கடை.
வெளியே கத்திரி வெயிலில் தார் இளகிக் கிடக்கிறது.
உள்ளே, ஃபேனுக்கு நேரான நாற்காலியை விட்டு
மூன்று முறை இடம் மாறி உட்கார்ந்தேன்.
முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த ஒரு அம்மா
என் ஸ்வெட்டரைப் பார்த்து
ஜுரமா என்றார்.
ஜுரம் என்றால் எவ்வளவு சுலபம்.
நெற்றியைத் தொட்டுப் பார் என்று காட்டிவிடலாம்.

கேஸ் பில்லின் பின்னால் எழுதி வந்திருந்தேன்.
குளியலறை ஜாலி அடைக்குமளவு முடி.
ஒன்பது கிலோ கூடுதல், சாப்பாடு அதேதான்.
மாசாமாசம் வருவது இருபது நாளில் ஒருதரம்,
அப்புறம் ரெண்டு மாசம் காணோம்.
விடிந்து எழும்போதே
நாள் முழுக்க நின்ற கால்.
கடைசி வரியை எழுதி, அடித்திருந்தேன்.

டாக்டர் எமிமா பேப்பரை வாங்கவில்லை.
“நீங்களே சொல்லுங்க.”
சொன்னேன். சொல்லச் சொல்ல
எல்லாமே சோம்பேறியின் சாக்காகக் கேட்டது,
என் காதிலேயே, என் வீட்டுக்காரர் குரலில்.

“எத்தனை நாளா?”
“தீபாவளி சரக்கு இறங்கினதுல இருந்து.”
எங்களுக்குக் காலண்டர் அப்படித்தான்.
எம்.சி. ரோட்டில் பதினாறு வருஷம்
பிளவுஸ் பிட் கவுண்டர்.
புடவையை ஒரு பார்வை பார்த்தால் போதும்,
கை தானாக அந்த அடுக்கில் போய் நிற்கும்.

“அண்ணாந்து பாருங்க.”
எனக்குப் பின்னால் வந்து நின்றார்.
எவர்சில்வர் டம்ளர் என் கையில்.
“சொல்லும்போது ஒரு வாய் முழுங்குங்க.”
முழுங்கினேன்.
தாலிச் சரடு தவிர வேறெதுவும்
இவ்வளவு நேரம் அங்கே தங்கியதில்லை.
“இன்னொரு வாய்.”
தண்ணீர் இறங்கும் வழியில், அந்த விரல்களுக்கடியில்
என்னவோ ஒன்று ஏறி இறங்கியது.

“மயில்கழுத்து” என்றேன்.

“வலிக்குதா?”
“இல்ல டாக்டர். கலரு.”

அப்புறம் அடித்த வரியைச் சொல்ல வேண்டியதாயிற்று.
போன வெள்ளிக்கிழமை, கல்யாண ஜவுளி, பதினோரு பேர்.
பெண்ணின் அத்தை கேட்டாள், இது என்னம்மா கலரு?
துணி கையில் இருக்கிறது. நீலமில்லை, பச்சையுமில்லை.
பறவை தெரிகிறது. அது தோகை விரிப்பதும் தெரிகிறது.
பெயர் மட்டும் வரவில்லை.
ராமர் பச்சை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.
புதுசாகச் சேர்ந்த பெண் சிரித்தாள்.
சூப்பர்வைசர் அருளானந்தம் சிரிக்கவில்லை,
அதுதான் மோசம்.
ஸ்டாக் ரூமில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே
என்ன செய்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.
டாக்டர் ‘மறதி’ என்று எழுதினார்.
கொஞ்சம் யோசித்து, நிமிராமலே,
“அழுகை?” என்றார்.

“ரத்தம் பாத்துடலாம். தைராய்டா இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.”

இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.
பெற்றவள் கேட்டால் வாயிலேயே போடுவாள்.
நோய் கொடு என்று எவளாவது கேட்பாளா?
எனக்கு ஒரு எண் வேண்டும்.
அச்சடித்து, கறுப்பாகத் தடித்த எழுத்தில்,
வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல்
எல்லார் கண்ணிலும் படும்படி வைக்க.

“ஒண்ணுமில்லேன்னு வந்துட்டா, டாக்டர்?”
பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.
“அப்பவும் இந்த ஒம்பது கிலோ இருக்கும்ல?
வேற எடத்துல தேடணும்.”

லேப் பையன் ஸ்வெட்டர் கையை மேலே ஏற்றச் சொன்னான்.
ரிப்போர்ட் ராத்திரி ஏழு மணிக்கு, வாட்ஸப்பில்.

பஸ்ஸில் என் பக்கத்து ஜன்னலை இழுத்து மூடினேன்.
“ஏம்மா, வேகுது இங்க” என்றார் பின்சீட்டுக்காரர்.
“எனக்குக் குளிருதுங்க.”
சொல்லிவிட்டு, காரணம் எதுவும் சேர்க்காமல்
பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தேன்.
அவர் ஸ்வெட்டரைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார்.
கடைசியில்
பாதி திறந்து வைத்தோம்.