முளை

அடிஸ் அபாபாவிலிருந்து பேருந்தில் இரண்டு நாள்,
அதற்கப்புறம் கழுதைதான்.
லாஸ்தா மலையில் நூற்றுப் பதினான்கு முளைகள்,
பிடுங்கிக்கொண்டு வா என்று அனுப்பினார்கள்.
அடித்தவனும் நானே.
மூன்று வருஷத்துக்கு முன் சிவப்புச் சாயம் பூசி
ஆற்றங்கரையில் ஒன்று என்று தொடங்கி
கோயில் வாசலில் முடித்தேன்.
சாலை வருகிறது என்று சொன்னேன்.
வரைபடத்தில் அது இப்போது
வேறு பள்ளத்தாக்குக்கு நகர்ந்துவிட்டது,
ஒரு விரற்கடை தூரம்.

போன நேரம் தீர்க்கதரிசிகளின் நோன்பு.
நாற்பத்து மூன்று நாள் பாலில்லை, முட்டையில்லை, கறியில்லை.
வருவார் என்று சொல்லிவிட்டு
வந்தவரைப் பார்க்காமலே மண்ணுக்குள் போனவர்களோடு
சேர்ந்து பசித்திருப்பது.
தெவாபெச் சுரைக்குடுக்கையை மடியில் போட்டு ஆட்டுகிறாள்.
விரலில் ஒட்டியதை நக்கவில்லை,
கல்லில் துடைக்கிறாள்.
"வெண்ணெய் திரளும் நேரத்தில் வந்திருக்கிறாய்" என்று சிரித்தாள்.
எனக்குத் தாழி ஞாபகம் வந்தது.

பாதிரி மெங்கெஷாவிடம் சும்மா கேட்டு வைத்தேன்:
வந்துவிட்டார் என்கிறீர்கள்,
பின்னே ஏன் வருஷா வருஷம் காத்திருக்கிறீர்கள்?
அவர் ஷீரோவில் இஞ்சேராவைத் தோய்த்தபடி,
"நீ முளை அடித்த அன்றே
எங்களுக்குச் சாலை வந்துவிட்டது தம்பி,
நடந்து பார்க்கத்தான் இன்னும் கிடைக்கவில்லை" என்றார்.
அப்போதாவது சொல்லியிருக்கலாம்.
இன்னொரு இஞ்சேரா வாங்கிக்கொண்டேன்.

பிறப்புக்கு முந்தின ராத்திரி
ஊரே வெள்ளைத் துணி போர்த்திக் கோயிலில் நின்றது.
திருடன் மாதிரி ஆற்றங்கரைக்கு இறங்கினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
பிடுங்கிக்கொண்டே ஏறும்போதுதான் கவனித்தேன்,
முளைக்கு முளை கல் பொறுக்கியிருக்கிறார்கள்.
மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டியிருக்கிறார்கள்.
யாரும் கூலி கேட்டதாகத் தெரியவில்லை.
நாலு பேர் தோளோடு தோள் நடக்கிற அகலம்.
அறுபத்தொன்பதாவது அசையவில்லை.
அன்று குச்சி போதாமல்
வேலியிலிருந்து பச்சையாக வெட்டியது அது.
இழுத்தேன். மறுபடி இழுத்தேன்.
தடவினால் விரலில் இலை.
முளை முளைத்திருந்தது.

மேலே விளக்குகள் ஆடின.
கட்டிலில் ஷிதாயே, எட்டுப் பேர் தோளில்.
பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆகிவிட்டதாம்,
மருத்துவமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம்.
சிவப்பை எண்ணி எண்ணி இறங்கி வந்தவர்கள்
என் முன்னால் வந்து நின்றார்கள்.
"அடுத்தது எங்கே?"
அடுத்தது என் முதுகில், சாக்குக்குள்,
அதற்குக் கீழேயுள்ள அத்தனையோடும்.
ஒருவரும் திட்டவில்லை.
ஒரு கிழவர் தன் லாந்தரை என் கையில் திணித்து,
"அடித்தவன் நீதானே, முன்னால் போ" என்றார்.

போனேன்.
இங்கே சரிவு, இங்கே வலது பக்கம், இங்கே பாறை என்று
கத்திக்கொண்டே இறங்கினேன்.
குரல் மட்டும்தான் என்னிடம் இருந்தது.
முப்பத்தொன்றாவது குழியருகே
கட்டிலை இறக்கச் சொன்னாள் ஷிதாயே.
பெண் குழந்தை.
நீலம் பாய்ந்து கிடந்தது, பிறகு அழுதது.
அந்நேரம் மேலே கல்மணி அடித்தார்கள்,
எங்களுக்காக அல்ல.

விடிந்ததும் ஊர் நோன்பை முறித்தது.
தெவாபெச் என் காப்பியில் வெண்ணெய் போட்டாள்,
கேட்காமலே, ஒரு கை நிறைய.
சாலை வராது என்றேன்.
மெங்கெஷா சாக்கைப் பிரித்துக் கொட்டி
ஒவ்வொன்றாக எண்ணினார்.
அறுபத்தெட்டு, சரியாக இருந்தது.
"சுத்தியல் கொண்டு வந்திருக்கிறாயா?"
இல்லை என்றேன்.
குனிந்து கல் தேடத் தொடங்கினார்.