எளிய வட்டி

"பாதை இன்னும் வரவில்லை" என்றேன்.
வட்டவளையிலிருந்து நியமனமாகி வந்த
விஞ்ஞான டீச்சர் சிரித்தா.
"பாதை எப்பிடி டீச்சர் வரும்?
நாமதானே அதில போகணும்?"
குருமண்வெளித் துறையில் நின்று
வாவிக்கு நடுவே மிதந்துவரும் இரும்பைக் காட்டினேன்.
இந்த ஊரில் பாதை வந்துதான்
எங்களை ஏற்றும்.
டீசல் இருந்தால்.

பதினொரு மோட்டார் சைக்கிள், இரண்டு மூட்டை உமி,
ஓர் ஆடு, ஏழு ஆசிரியர்.
தமிழ் படிப்பிக்கும் மார்க்கண்டு சேர்
காற்றோடு மல்லுக்கட்டிப் பேப்பரை விரித்தார்.
பெற்றோல் நாலு ரூபா குறைவாம்.
ஆடு மட்டும் தலையாட்டியது.
தேங்காயைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
கீழ்ப் பத்தியில் நாங்கள் இருந்தோம்:
"ஆசிரியர் சம்பள முரண்பாடு ஆராயப்படும்."
"செயப்பாட்டு வினை," என்றார் சேர்,
"செய்யிற ஆள் ஒளிச்சிருக்க
இதைவிட நல்ல இடமில்லை."
மடித்துப் பையில் வைத்தார்,
மத்தியானம் வடை சுற்ற.

ஒன்பதாம் தரம், பி.
பதிவேட்டில் முப்பத்தொரு பேர்,
வாங்கில் இருபத்திரண்டு.
இராத்திரி யானை வந்து
நாலு வளவு வேலியைச் சரித்துவிட்டதாம்.
யானை என்று எழுத அங்கே நிரல் இல்லை.
சுகயீனம் என்று எழுதினேன்.
போன வருடம் கொடிபிடித்து
வீதியில் நின்ற அன்றைக்கு
எங்கள் லீவுக் கடிதத்திலும்
அதே சொல்தான்.

கரும்பலகையில் புத்தகக் கணக்கு:
பத்தாயிரம் ரூபா, ஆண்டுக்குப் பன்னிரண்டு வீதம்,
இரண்டு வருடத்துக்கு எளிய வட்டி எவ்வளவு?

பின்வாங்கில் வினுஷாந்த் எழும்பினான்.
"வருசத்துக்கு ஆரும் தாறல்ல டீச்சர்.
புதன்கிழமைதான் வருவாங்க."
"எங்கட வீட்ட வெள்ளி," என்றாள் சயந்தவி.
"எங்களுக்குச் செவ்வாய். பெரியம்மாக்குத் திங்கள்."
சொல்லச் சொல்ல
ஒரு முழுக் கிழமை சேர்ந்துவிட்டது.
ஞாயிறு மட்டும் மிச்சம்.

சரி, அழித்துவிட்டு அவன் கணக்கையே போட்டோம்.
முப்பதாயிரம் கடன்.
கிழமைக்கு எண்ணூற்று ஐம்பது.
ஐம்பத்திரண்டு கிழமை.
கூட்டிப் பெருக்கிக் கழித்து
நாற்பத்தேழு வீதம் என்று வந்தபோது
யாரும் கொட்டாவி விடவில்லை.
இந்த வகுப்பில் தசமதானம் பிழைக்காமல்
ஒரு விடை வந்தது அன்றைக்குத்தான்.

"ஒரு கிழமை கட்டாட்டி
மறுகா என்ன செய்யிற டீச்சர்?"

புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை.
முதல், வீதம், காலம் என்று மூன்று பெட்டி வரைந்து
அதற்குள் எல்லாம் அடங்கும் என்று
பதினாறு வருடம் சொல்லியிருக்கிறேன்.
என் சம்பளச் சிட்டையிலும்
இடர்கடன் என்று ஒரு கழிவு உண்டு.
அது வீட்டுக்கு வருவதில்லை,
வாசலில் சைக்கிளை நிறுத்திப்
பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
அதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.
மணி அடித்தது.

இடைவேளையில் பதிவேட்டைப்
பின்னோக்கிப் புரட்டினேன்.
வினுஷாந்த்:
புதன், பூச்சியம்.
அடுத்த புதன், பூச்சியம்.
அதற்கு முந்திய புதனும்.
"அம்மா வீட்டில இல்ல" என்று சொல்ல
வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.
ஒவ்வொரு பூச்சியத்துக்கும் எதிரே
என் கையெழுத்தில், நல்ல வடிவாக,
சுகயீனம்.

புதனுக்குக் குறித்திருந்த தவணைப் பரீட்சையை
வியாழனுக்கு மாற்றித் தரக் கேட்டு
அதிபரிடம் போனேன்.
நேசதுரை சேர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
காரணம் கேட்டார்.

"சுகயீனம், சேர்."

"ஆருக்கு?"