திருப்பித் தருவதற்கான காரணம்

நெல் ஊறிய தொட்டியில் இப்போது
கிளிகள் குளிக்கின்றன.
கொரடாச்சேரிக்கு மேற்கே, வெட்டாற்றங்கரையில்
மூடிக்கிடந்த ரைஸ்மில்லை வாடகைக்குக் கேட்டபோது
"கோழிப் பண்ணையா?" என்றார் உரிமையாளர்.
ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.
வாடகை குறைந்திருக்கும்.

வனவர் அட்டைப் பெட்டியோடு வருவார்,
பக்கவாட்டில் ஓட்டை போட்ட பிஸ்கட் பெட்டி.
உள்ளே, சீட்டெடுத்துப் பிழைத்த பச்சைக்கிளிகள்,
இறக்கை ஒட்ட நறுக்கப்பட்டு.
நறுக்கிய இறகு வளராது. அது உதிர வேண்டும்,
பிறகுதான் புதியது. ஒரு வருஷம்கூட ஆகும்.
அதுவரை என் கரண்ட் பில், மருந்துச் சீட்டு,
எது கிடைத்தாலும் உருவிக் கொடுத்துவிட்டு
ஒரு நெல்லுக்காக அலகை நீட்டும்.
கொடுப்பதா, கூடாதா என்று
இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.
கொடுத்துவிடுகிறேன்.

பறக்கத் தொடங்கியதும் கூரைத்தகட்டைத் திறப்போம்.
மறுவாரம் பக்கிரிசாமி வேலியோரம் நின்று
"உங்க புள்ளைங்க என் குறுவையில மேயுது" என்பார்.
மரக்கால் கணக்கில் பேசி முடிப்போம்.
அவர் வீட்டு மரக்கால் பெரியது.

கடல் கடந்து வந்த ஜாதிகளுக்கு
இங்கே எந்த மரமும் சொந்தமில்லை.
அவற்றுக்குத்தான் படிவம்.
ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கூட இருப்பீர்கள்?
மின்விசிறியை நிறுத்திவைக்கச் சம்மதமா?
இது உங்களுக்குப் பின்னும் உயிரோடிருக்கும், அப்போது யார் பொறுப்பு?
பாதிப் பேர் மூன்றாவது கேள்வியில்
பேனாவை மூடிவிடுவார்கள்.

ஜமீலா கூத்தாநல்லூரிலிருந்து வந்தாள்.
சாம்பல் உடம்பு, சிவந்த வால்.
வீட்டார் மொத்தமாக மலேசியாவுக்குப் போய்விட,
நெஞ்சிறகைத் தானே பிடுங்கிப் போட்டு
கறிக்கடைக் கோழி மாதிரி நின்றாள்.
அந்தியில் பாங்கு கேட்டதும்
"அத்தா வந்தாச்சு" என்பாள்.
நான் கதவைப் பார்ப்பேன், பழக்கத்தில்.

முதலில் எடுத்துப்போன டீச்சர் பதினோராம் நாள் கொண்டுவந்தார்.
காரணம்: சத்தம்.
அடுத்து வந்தவர் ரயில்வே கேட் வைரக்கண்ணு.
முதல் கேள்விக்கு "பன்னிரண்டு" என்று எழுதினார்.
ஒரு அறை, ஒரு நாற்காலி, ரெண்டு கொடி, ஒரு போன்.
மூன்றாவது கேள்விக்கு "ரயில்வே" என்று எழுதினார்.

ஆறு மாதத்தில் நெஞ்சில் பஞ்சு முளைத்தது.
அதே ஆறு மாதத்தில் ஸ்டேஷன் போனின் மணியை
அதன் கரகரப்போடு கற்றுக்கொண்டாள்.
அவர் ஓடிப்போய் எடுப்பார்.
காதில் வெறும் இரைச்சல்.
இவள் தலையைச் சாய்த்து வேடிக்கை பார்ப்பாள்.
இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

மார்கழி விடியலில், துண்டு போர்த்திய கூண்டோடு
கேட்டில் நின்றார்.
படிவத்தின் கடைசி வரியை எழுதமாட்டேன் என்றார்.
அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்:

"மணி அடிச்சிது.
இவதான்னு டீயை ஆத்திக்கிட்டு இருந்தேன்.
மறுபடி அடிச்சிது. சும்மா இருடின்னேன்.
திரும்பிப் பாத்தா
தலையை முதுகுல செருகித் தூங்குறா."

சிவப்பு சிக்னலில் நின்ற வண்டி
நாலு நிமிஷம் பனிக்குள் ஊதிக்கொண்டே இருந்ததாம்.
யாருக்கும் ஒன்றுமில்லை. ஒரு மெமோ.
ஒண்ணுமில்லதாங்க என்று மூன்று தடவை சொன்னார்,
மூன்றாவதை ஜமீலாவிடம்.

படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன்:
எந்தச் சத்தத்துக்கு நீங்கள் கட்டாயம் எழுந்தாக வேண்டும்?
நிரப்ப வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு
என்னை ஒருமாதிரி பார்க்கிறார்கள்.

ஓய்வு நாட்களில் வைரக்கண்ணு கொய்யாவோடு வருகிறார்.
ஜமீலா மணி அடிக்கிறாள்.
பாதி நறுக்கிய பழம் கையில் இருக்க எழுந்துவிடுகிறார்,
நெல் காய்ந்த களத்தில்,
மூடுவதற்கு ஒரு கேட்டும் இல்லாமல்.
ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்க்கிறார்.
நான் அவளைப் பார்க்கிறேன்,
விழித்திருக்கிறாளா என்று.